வண்டிப்பாதை அடைபட்டால், வாய்க்கால் மறிபட்டால்: விவசாயிகளுக்கான முழுமையான வழிகாட்டி

சம்பா அறுப்புக்கு பெல்ட் வண்டி வந்து ரோட்டில் நிற்கும்போதுதான் வயலுக்குப் பாதை இல்லை என்பது உறைக்கும். ஐப்பசி மழையில் நடவுப் பயிர் மூழ்கும்போதுதான், புது ரோட்டுக்கு அடியில் போட்ட குழாய் போதாது என்பது தெரியும். இரண்டுமே கையில் ஒன்றும் செய்ய முடியாத நேரம். தாலுகா ஆபீஸுக்கு நடப்பதும், அளப்பதும், குழாயை மாற்றிப் போடுவதும் மாசிக்கும் வைகாசிக்கும் இடையில் நடக்க வேண்டிய வேலைகள். டெல்டாவில் மேட்டூர் திறக்கும் ஜூன் 12-க்கு முன்னால் முடிந்தால்தான் அந்த ஆண்டுக்குப் பயன்.

பாதைத் தகராறுகள் ஆண்டுக்கணக்கில் இழுப்பதற்குப் பெரும்பாலும் சட்டம் காரணமில்லை. தட்ட வேண்டிய கதவை விட்டுவிட்டு வேறு கதவைத் தட்டுவதுதான் காரணம். தாசில்தார் தீர்க்க வேண்டியதை போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோவது, சிவில் கோர்ட்டில் தீர வேண்டியதை கலெக்டர் மனுநாளில் பத்து முறை கொடுப்பது என்று காலம் ஓடிவிடும். அதனால் முதல் வேலை, அடைபட்ட இடம் ஆவணத்தில் என்னவாக இருக்கிறது என்று கண்டுபிடிப்பது.

எந்தப் பாதை, யார் கையில்

தமிழ்நாட்டுக் கிராமத்தில் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் பாதைகள் ஆவணத்தில் நான்கு வகை.

நெடுஞ்சாலைத் துறைச் சாலைகள்: மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதரச் சாலை. இவற்றுக்குக் கோட்டப் பொறியாளர், உதவிக் கோட்டப் பொறியாளர்.

ஊராட்சி ஒன்றியச் சாலை, ஊராட்சிச் சாலை: பி.டி.ஓ. அலுவலகமும் ஊராட்சியும். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இன் 110-ஆம் பிரிவு ஊர்ச்சாலை, சிறுபாலம், வடிகால் ஆகியவற்றைப் பராமரிப்பதை ஊராட்சியின் கடமையாகவே வைத்திருக்கிறது. தலைவர் இல்லாத காலத்தில் தனி அலுவலரிடம் மனு கொடுக்க வேண்டும்.

வண்டிப்பாதைப் புறம்போக்கு: வருவாய்த் துறை. வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று மேலே போகும். மண்பாதையாக இருந்தாலும், பத்து ஆண்டாக யாரும் நடக்காவிட்டாலும் இது அரசு நிலம்தான்.

பட்டா நிலத்துக்குள் ஓடும் பாதை: இதில் அரசுக்கு உரிமை இல்லை. அடுத்தவர் பட்டாவில் உங்களுக்கு நடக்கும் உரிமை உண்டா என்பதை சிவில் நீதிமன்றம்தான் சொல்ல முடியும்.

நீர் பக்கமும் இப்படித்தான். 40 ஹெக்டேர், அதாவது 100 ஏக்கர் அல்லது அதற்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு உள்ள ஏரி நீர்வளத் துறையிடம் இருக்கும். அதற்குக் குறைந்தது பொதுவாக ஊராட்சி ஒன்றியத்திடம். வரத்து வாய்க்கால், வடிவாய்க்கால், ஓடை எல்லாம் புறம்போக்கு என்ற அளவில் நிலம் வருவாய்த் துறைக்கு, பராமரிப்பு மட்டும் வேறு துறைக்கு. ஆக்கிரமிப்பு என்றால் தாசில்தார், தூர் என்றால் நீர்வளத் துறை அல்லது ஒன்றியம். ஒரே மனுவில் இரண்டையும் கலந்தால் இரண்டு ஆபீஸும் அடுத்த ஆபீஸைக் கைகாட்டும்.

ஆவணங்கள்: எதை எடுப்பது, எப்படிப் படிப்பது

அரசின் இணையவழி நிலப்பதிவேட்டுத் தளத்தில் உங்கள் சர்வே எண்ணுக்கும், பாதை அல்லது வாய்க்கால் ஓடும் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஏ-பதிவேட்டு நகலும் புலப்படமும் எடுங்கள். ஏ-பதிவேடு என்பது ஊரின் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் வகை, பரப்பு, பட்டாதாரர் எழுதிய பதிவேடு; புலப்படம் அந்த எண்ணின் அளவுகளோடு கூடிய வரைபடம். புலப்படத்தை எல்லோரும் எஃப்.எம்.பி. என்றே சொல்கிறார்கள். கிராம வரைபடத்தையும் வி.ஏ.ஓ.விடம் பார்த்துவிடுங்கள். பாதை எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்குத் தாவுகிறது என்பது அதில்தான் ஒரே பார்வையில் தெரியும்.

ஏ-பதிவேட்டில் முதலில் பார்க்க வேண்டியது, அந்த எண் ரயத்துவாரியா (பட்டா நிலமா) புறம்போக்கா என்பது. புறம்போக்கு என்றால் பட்டாதாரர் பெயர் வர வேண்டிய இடத்திலோ குறிப்புக் கலத்திலோ வண்டிப்பாதை, வாய்க்கால், ஓடை, குட்டை என்று வகை எழுதியிருக்கும். இந்த ஒரு சொல்தான் உங்கள் மனுவின் முதுகெலும்பு.

புலப்படத்தில் ஒரு பொறி உண்டு. உட்பிரிவாகப் பிரித்து, தனி எண் கொடுத்து, அளவுகளோடு இருக்கும் பாதை ஒரு ரகம். பட்டா எண்ணுக்குள்ளேயே புள்ளிக்கோடாக மட்டும் ஓடும் பாதை இன்னொரு ரகம். இரண்டாவது, அளக்கப்பட்ட காலத்தில் அங்கே தடம் இருந்தது என்பதற்குச் சாட்சி; புறம்போக்குக்குச் சான்று ஆகாது. இதைக் கவனிக்காமல் "எஃப்.எம்.பி.யில் பாதை இருக்கு" என்று தாசில்தாரிடம் போனால், "பட்டா நிலம், சிவில் கோர்ட்டை அணுகவும்" என்று ஒரே வரியில் பதில் வரும்.

அகலம் எழுதியிருக்காவிட்டால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பாதையின் பரப்பு ஏ-பதிவேட்டில் 0.12.50 ஹெக்டேர் என்று இருக்கிறது. அதாவது 1,250 சதுர மீட்டர். புலப்படத்தில் நீளம் 310 மீட்டர். வகுத்தால் 4.03 மீட்டர், சுமார் 13 அடி. இன்று தரையில் 6 அடி வரப்புப் பாதைதான் இருக்கிறது என்றால் மீதி 7 அடி யார் வயலுக்குள் போயிற்று என்பது தானே வெளியே வரும். பழைய படங்களில் அளவு லிங்க்கில் இருக்கும்: 1 லிங்க் 20 செ.மீ. சொச்சம், 100 லிங்க் ஒரு சங்கிலி, அது 66 அடி. மீட்டர் என்று நினைத்து லிங்க்கைப் படித்துவிட்டுச் சண்டைக்குப் போகிறவர்களும் உண்டு.

இன்றைய ஏ-பதிவேட்டில் வாய்க்கால் இல்லை, ஆனால் ஊரில் எல்லோருக்கும் அது வாய்க்கால் என்று தெரியும். அப்படியானால் 1980-களில் நடந்த யு.டி.ஆர். நில உடைமைப் பதிவு மேம்பாட்டுக்கு முந்தைய பதிவேட்டைத் தேட வேண்டும். பல ஊர்களில் அப்போதுதான் ஓடைகளும் பாதைகளும் பக்கத்துப் பட்டாவோடு சேர்ந்து போயின. பழைய செட்டில்மென்ட் பதிவேடு, ஒப்பீட்டுப் பதிவேடு ஆகியவற்றின் நகலைத் தாலுகா ஆபீஸிலோ மாவட்ட ஆவணக் காப்பறையிலோ கேளுங்கள். தரத் தயங்கினால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, பழைய எண், புது எண் இரண்டையும் குறிப்பிட்டுக் கேளுங்கள். 30 நாள் கெடு. கேள்வி "ஏன் ஆக்கிரமிப்பை எடுக்கவில்லை" என்று இருக்கக் கூடாது. அது தகவல் இல்லை என்று தள்ளிவிடுவார்கள். "இன்ன எண்ணின் யு.டி.ஆர்.க்கு முந்தைய பதிவேட்டு நகல்" என்று பொருளாகக் கேட்க வேண்டும்.

பழைய பதிவில் வாய்க்கால், புதிய பதிவில் பட்டா என்று தெரிந்தால், அது யு.டி.ஆர். பிழைத்திருத்தம். தாசில்தார் மட்டத்தில் முடியாது. கோட்டாட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர் வரை போகும் என்று தெரிந்தே தொடங்குங்கள்.

தரையில் அளப்பது

சர்வேயர் வருவதற்கு முன் நீங்களே ஒருமுறை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். 30 மீட்டர் டேப், இரண்டு பேர், புலப்படத்தின் பெரிய பிரதி போதும். முச்சந்திக் கல்லிலிருந்து தொடங்குங்கள். மூன்று எண்கள் சேரும் இடத்துக் கல் பொதுவாக நகர்த்தப்படாமல் இருக்கும். இரண்டு வயலுக்கு நடுவில் இருக்கும் கல்லை நம்ப முடியாது. ஒவ்வொரு 20 மீட்டருக்கும் இருக்கும் அகலத்தை எழுதி, எந்தப் பக்கம் வரப்பு, வேலி, தென்னை, கம்பி என்று குறியுங்கள். மொபைலில் இருப்பிடம் பதிவாகும்படி படம் எடுங்கள்.

பிறகு முறைப்படி அளவைக்கு விண்ணப்பம். பாதை புறம்போக்கை அளந்து அத்து, அதாவது எல்லை காட்டச் சொல்லி மனு கொடுக்கும்போது பக்கத்துப் பட்டாதாரர்களுக்கு முன்கூட்டியே அறிவிப்புப் போயிற்றா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அறிவிப்பு இல்லாமல் அளந்த அளவை பின்னால் ஒரு ஆட்சேபணையில் கலைந்துவிடும். அளந்த அன்றே கல் நட வேண்டும். சுண்ணாம்புக் கோடு அடுத்த உழவில் போய்விடும்.

அரசு நிலத்தில் ஆக்கிரமிப்பு: மனுவின் வழி

புறம்போக்கு என்று உறுதியானால், பயன்படும் சட்டம் தமிழ்நாடு நில ஆக்கிரமிப்புச் சட்டம் 1905. நடைமுறை இப்படிப் போகும்: வி.ஏ.ஓ. பி-மெமோ என்ற ஆக்கிரமிப்பு அறிக்கை தயாரிப்பார், 7-ஆம் பிரிவில் விளக்கம் கேட்டு நோட்டீஸ், விளக்கத்தைப் பரிசீலித்து 6-ஆம் பிரிவில் அகற்றும் உத்தரவு. நோட்டீஸ் கொடுக்காமல் நேராக ஜே.சி.பி. கொண்டுவந்தால் எதிர்த்தரப்பு உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கிவிடும். உங்கள் வேலை இரண்டு ஆண்டு பின்னால் போகும். அதனால் "உடனே அகற்று" என்று அவசரப்படுத்துவதைவிட "7-ஆம் பிரிவு நோட்டீஸ் எந்தத் தேதியில் சார்பு செய்யப்பட்டது" என்று கேட்டுக்கொண்டே இருப்பது பலன் தரும்.

பி-மெமோவில் ஒரு வேடிக்கை உண்டு. ஆண்டுதோறும் ஆக்கிரமிப்பாளர் கட்டும் அபராத ரசீதையே, "நான் இத்தனை ஆண்டாக அனுபவத்தில் இருக்கிறேன்" என்று அவர் காட்டுவார். அந்த ரசீது ஆக்கிரமிப்புக்குச் சாட்சியே தவிர உரிமைக்கு இல்லை. நீர்நிலைப் புறம்போக்கு ஆட்சேபகரமான வகை. பட்டா வழங்கக் கூடாதது. நீர்நிலைகளைக் காப்பது பற்றி ஹின்ச்லால் திவாரி வழக்கில் 2001-லும், ஊர்ப் பொதுநிலம் பற்றி ஜக்பால் சிங் வழக்கில் 2011-லும் உச்ச நீதிமன்றம் சொன்னதை மனுவில் ஒரு வரியில் சேர்க்கலாம். நீண்டகால அனுபவமோ, செலவு செய்து கட்டியதோ பொதுநிலத்தை வரன்முறை செய்யக் காரணமாகாது என்று இரண்டாவது தீர்ப்பு தெளிவாகவே சொல்கிறது. நீர்வளத் துறை ஏரி என்றால் 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் தனியாக இருக்கிறது. அங்கே மனு உதவிச் செயற்பொறியாளருக்கும் போக வேண்டும்.

மனு ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. கீழே உள்ள அளவு போதும்:

"பொருள்: … கிராமம், புல எண் …, வகைப்பாடு வண்டிப்பாதை, பரப்பு … ஆக்கிரமிப்பு அகற்றக் கோருதல். மேற்படி புல எண் ஏ-பதிவேட்டின்படி வண்டிப்பாதைப் புறம்போக்கு ஆகும். பதிவேட்டின்படி அகலம் … மீட்டர். தற்போது … மீட்டர் மட்டுமே உள்ளது. புல எண் … -ஐ ஒட்டி … மீட்டர் நீளத்துக்கு வேலி அமைக்கப்பட்டுள்ளது. இப்பாதை … ஏக்கர் நிலத்துக்கு ஒரே வழி. நில ஆக்கிரமிப்புச் சட்டம் 1905-இன் கீழ் நடவடிக்கை எடுத்து, அளந்து கல் நட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். இணைப்பு: ஏ-பதிவேட்டு நகல், புலப்படம், படங்கள்."

கையெழுத்து அந்தப் பாதையைப் பயன்படுத்துகிற எல்லோருடையதும் வேண்டும், அவரவர் பட்டா எண்ணோடு. ஆக்கிரமித்தவரைத் திட்டும் வரி ஒன்றுகூட வேண்டாம். சாதி, கட்சி, பழைய பங்காளிச் சண்டை எதுவும் மனுவுக்குள் வந்தால் கோப்பு "தனிப்பட்ட விரோதம்" என்ற குறிப்போடு மூடப்படும்.

கொடுக்கும் இடம்: முதலில் தாசில்தாரிடம் நேரில், தேதி முத்திரையோடு ஒப்புகை. பதில் இல்லையென்றால் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள், மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க் கூட்டம். ஜமாபந்தி, அதாவது ஆண்டுதோறும் ஊர் வருவாய்க் கணக்கைச் சரிபார்க்கும் நாள் இன்னும் நல்லது. அந்த ஊர்க் கணக்குகள் எல்லாம் அதிகாரி மேசையில் திறந்து கிடக்கும், வி.ஏ.ஓ. பக்கத்தில் நிற்பார். கிராம சபையிலும் தீர்மானம் போடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள். அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். வாய்க்கால் தீர்மானத்துக்கு அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. தீர்மானம் புல எண்ணோடு பதிவேட்டில் எழுதப்பட்டதா என்று அங்கேயே படித்துப் பார்த்துவிட்டு எழுந்திருங்கள். வாய்மொழியாகக் கைதட்டி முடிந்த தீர்மானம் பதிவேட்டில் இருக்காது.

இத்தனையும் செய்து நகராவிட்டால் உயர் நீதிமன்றத்தில், சென்னையிலோ மதுரைக் கிளையிலோ, நீதிப்பேராணை (ரிட்) மனு. நீதிமன்றம் பெரும்பாலும் "மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து உத்தரவிடு" என்றுதான் சொல்லும். அப்போது பரிசீலிக்கப்படுவது நீங்கள் முன்பு கொடுத்த அந்த ஒரு பக்க மனுதான். அதில் புல எண் தப்பாக இருந்தால் எல்லாம் வீண்.

திடீரென்று ஒரு இரவில் பாதையில் குழி வெட்டிவிட்டார்கள், வாய்க்காலில் மண் கொட்டிவிட்டார்கள் என்றால் வேறு வழி. பொதுப்பாதை, பொதுநீர்வழி என்றால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவில் கோட்டாட்சியர் தடையை நீக்க நிபந்தனை உத்தரவு போடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133. நிலம் அல்லது நீரைப் பயன்படுத்தும் உரிமை பற்றிய தகராறு அமைதியைக் கெடுக்கும் நிலையில் இருந்தால் 166-ஆம் பிரிவு, பழைய 147. இதில் கவனிக்க வேண்டிய கெடு ஒன்று இருக்கிறது: ஆண்டு முழுவதும் பயன்படும் உரிமை என்றால், புகார் கிடைப்பதற்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் அதைப் பயன்படுத்தியிருக்க வேண்டும், பருவத்துக்கு மட்டும் பயன்படும் உரிமை என்றால் கடைசிப் பருவத்தில் பயன்படுத்தியிருக்க வேண்டும். "பேசிப் பார்ப்போம்" என்று ஆறு மாதம் விட்டால் இந்தக் கதவு மூடிவிடும்.

பட்டா நிலத்துக்குள் பாதை என்றால்

இங்கே மூன்று வழி உண்டு. மூன்றிலும் மெதுவானது கோர்ட்.

இந்திய வசதியுரிமைச் சட்டம் 1882-இன் 15-ஆம் பிரிவுப்படி, வெளிப்படையாக, தடையில்லாமல், உரிமையாக 20 ஆண்டு நடந்திருந்தால் பாதை உரிமை உண்டாகும். அந்த 20 ஆண்டு, வழக்குப் போடுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் முடிந்திருக்க வேண்டும். பாதையை அடைத்து மூன்று ஆண்டு சும்மா இருந்துவிட்டு வழக்குப் போட்டால், 40 ஆண்டு நடந்த கதைக்கும் மதிப்பில்லை. 13-ஆம் பிரிவு அவசியத்தால் வரும் வசதியுரிமை. ஒரே நிலமாக இருந்து பாகப்பிரிவினையிலோ விற்பனையிலோ பிரிந்து, உங்கள் பங்குக்கு வேறு வழியே இல்லாமல் போனால்தான் அது கிடைக்கும். சுற்றிப் போக இன்னொரு வழி இருந்தால் கிடைக்காது.

"உரிமையாக" என்ற சொல்தான் ஆளைக் கவிழ்ப்பது. அனுமதி கேட்டு, வாடகை கொடுத்து நடந்தால் அது எத்தனை ஆண்டு ஆனாலும் உரிமையாக மாறாது. அறுப்பு அவசரத்தில் பக்கத்து வயல்காரர் "தங்கள் அனுமதியின் பேரில் செல்கிறேன்" என்று எழுதிக் கேட்பார். கதிர் சாய்ந்து கிடக்கும்போது யாரும் கையெழுத்துப் போடுவார்கள்தான். போடுவதென்றால் "என் உரிமைக்குப் பாதகமின்றி இந்த அறுவடைக்கு மட்டும்" என்ற வரியைச் சேர்த்துப் போடுங்கள்.

இரண்டாவது வழி, விலைக்கு வாங்கிப் பத்திரப்பதிவு. 12 அடி அகலம், 660 அடி நீளம் என்றால் 7,920 சதுர அடி, சுமார் 18 சென்ட். அந்தப் பாதையால் பயன்பெறும் ஆறேழு பேர் பிரித்துக்கொண்டால் வக்கீல் செலவைவிடக் குறைவாகவே வரும் ஊர்கள் நிறைய. மூன்றாவது, இருபுறத்து நிலக்காரர்களும் ஆளுக்கு ஆறடி விட்டு ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதுவது. அப்படிச் செய்தால் பின்னால் நூறு நாள் வேலையிலோ வேறு திட்டத்திலோ ரோடு போட முடியும். தனியார் பாதையில் அரசுப் பணம் செலவழிக்க முடியாது. பத்திரம் எழுதியதும் உட்பிரிவு செய்து ஏ-பதிவேட்டில் பாதையாக ஏற்றும் வரை விடாதீர்கள். அந்தக் கடைசி வேலை முடியாததால், அடுத்த தலைமுறையில் மகன் வந்து வேலி போடுகிறான்.

புது ரோடு வரும்போது வாய்க்காலைக் காப்பது

வேலைப் பலகை நட்ட பிறகு போய்க் குழாய் பற்றிப் பேசினால் "எஸ்டிமேட்டில் இல்லை" என்பார்கள். மதிப்பீடு தயாராவதற்கு முன்பே பேச வேண்டும். பிரதம மந்திரி கிராம சாலைத் திட்டத்தில் திட்ட அறிக்கைக்கு முன், சாலை வரும் தடத்தில் ஊர் மக்களோடு பொறியாளர் நடந்து பார்க்க வேண்டும் என்பது விதி. அந்த நடையின்போது ஒவ்வொரு குறுக்கு வாய்க்காலையும் காட்டி, குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். மற்றத் திட்டங்களில் ஒன்றியப் பொறியாளரிடம் ஒரு பட்டியல் கொடுங்கள்: வாய்க்கால் பெயர், புல எண், பாயும் ஏக்கர், பாசன வாய்க்காலா வடிவாய்க்காலா, படுகை அகலம், ஆழம்.

குழாய் அளவுக்கு ஒரு எளிய கணக்கு. 25 ஏக்கர், அதாவது சுமார் 10 ஹெக்டேர் நிலத்து மழைநீர் அந்த இடத்தில் ரோட்டைத் தாண்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் 60 மி.மீ. மழை கொட்டினால் விழும் நீர் 6,000 கன மீட்டர். அதில் பத்தில் நான்கு பங்கு ஓடிவந்தால் 2,400 கன மீட்டர்; வினாடிக்கு 667 லிட்டர், சுமார் 23 கனஅடி. குழாயில் வினாடிக்கு 1 மீட்டர் வேகம் என்று கொண்டால் 300 மி.மீ. குழாய் இரண்டரை கனஅடி கடத்தும், 600 மி.மீ. 10 கனஅடி, 900 மி.மீ. 22 கனஅடி. ஆக 900-க்குக் குறைந்து அங்கே போடக் கூடாது. "300-ல் ரெண்டு போட்டுடலாம், 600-க்குச் சரியாப் போச்சு" என்று சொல்லும் கான்ட்ராக்டரை நம்ப வேண்டாம். பரப்பளவுக் கணக்கிலேயே நான்கு வேண்டும். சிறிய குழாயில் உராய்வு கூடுவதால் அதே சாய்வில் ஒரு 600-க்கு ஈடாக ஆறேழு 300 தேவை. தவிர 600-க்குக் கீழே போனால் உள்ளே ஆள் நுழைந்து தூர் வார வழியில்லை. இரண்டு மழையில் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் அடைத்துக்கொள்ளும்.

அளவைவிட அதிகம் கெடுப்பது மட்டம். குழாயின் உள்தளம் வாய்க்கால் படுகைக்குச் சமமாக, அல்லது 5 செ.மீ. தாழ்வாக இருக்க வேண்டும். படுகைக்கு மேலே தூக்கிப் போட்டால் மேல்பக்கம் எப்போதும் தண்ணீர் நிற்கும், வடிகால் வடியாது. அரை அடி தாழ்த்திப் போட்டால் குழாய் வண்டலால் நிரம்பும். இதைச் சரிபார்க்க லெவல் கருவி வேண்டாம். கொத்தனார் பயன்படுத்தும் 20 மீட்டர் டியூப் லெவல் போதும். ரோட்டுக்கு மேல்பக்கம் 20 மீட்டர், கீழ்ப்பக்கம் 20 மீட்டர் தள்ளிப் படுகையில் முளை அடித்து, குழியில் குழாய் இறக்குவதற்கு முன் மட்டம் பாருங்கள். டியூபில் காற்றுக்குமிழி இருந்தால் அளவு பொய். நுனிகள் இரண்டையும் ஒன்றாகப் பிடித்து நீர்மட்டம் சமமாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டே தொடங்குங்கள். நல்ல பொறியாளர் இதைத் தடுக்க மாட்டார். மண் மூடிய பிறகு கேட்டால் யாரும் தோண்ட மாட்டார்கள்.

குழாயின் தலைமேல் 60 செ.மீ. மண்ணாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் கரும்பு லாரி ஏறிய முதல் பருவத்திலேயே வெடிக்கும். 900 மி.மீ. குழாய், அதன் கனம், மேல் மண் எல்லாம் சேர்த்தால் படுகையிலிருந்து ரோட்டு மேற்பரப்பு 1.6 மீட்டர் உயரம் வரும். டெல்டா போன்ற தட்டை நிலத்தில் அந்த உயரம் கிடைக்காது. அங்கே குழாயை விட்டுவிட்டு ஸ்லாப் பாலம் கேளுங்கள். செலவு கூடும் என்பார்கள். ஆனால் ஒவ்வோர் ஐப்பசியிலும் ரோட்டை வெட்டி நீரை விடுவதும், பிறகு அடைப்பதும் அதைவிடச் செலவு.

நீளத்தையும் பாருங்கள். ஹியூம் குழாய் ஒன்று இரண்டரை மீட்டர். 3.75 மீட்டர் தார்ப்பரப்புக்கு இரண்டு குழாய், 5 மீட்டர் போதும் என்று முடித்துவிடுவார்கள். சாலையின் மண்தோளையும் சேர்த்தால் 6 முதல் 7.5 மீட்டர் வேண்டும், அதாவது மூன்று குழாய். இரண்டோடு நிறுத்திய இடத்தில்தான் தோள் சரிந்து வாய்க்காலில் விழுகிறது, நெல் ஏற்றிய டிரெய்லரும் அங்கேதான் கவிழ்கிறது. இணைப்புகளில் காலர் வைத்துச் சிமெண்ட் பூசியிருக்கிறதா, இரண்டு முனையிலும் தலைச்சுவர் உண்டா, பக்க மண்ணை அரை அடி அரை அடியாகப் போட்டு இடித்தார்களா என்பதும் கவனிக்க வேண்டியவை. கடைசியது தப்பினால் தண்ணீர் குழாய்க்கு வெளியே வழி தேடிக்கொண்டு ஓடும், ரோடு உள்வாங்கும்.

ரோடு திறந்து கிடக்கும்போதே இன்னொன்றையும் முடித்துக்கொள்ளுங்கள். கிணற்றிலிருந்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் கொண்டுபோகிறவர்கள், ஊராட்சியின் எழுத்துமூல அனுமதியோடு, 1 மீட்டர் ஆழத்தில் 160 அல்லது 200 மி.மீ. உறைக்குழாய் ஒன்று புதைத்துவிடலாம். பிற்பாடு 110 மி.மீ. பி.வி.சி. அதனுள் போகும், மாற்றவும் வரும். தார் போட்ட பிறகு வெட்ட வேண்டுமானால் அனுமதியும் சீரமைப்புக் கட்டணமும் தனி; நெடுஞ்சாலைத் துறைச் சாலை என்றால் கோட்டப் பொறியாளர் வரை போக வேண்டும்.

பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போடுவதும் வயலுக்குச் சேதம்தான். ஒவ்வொரு முறையும் ரோடு உயர, வயலும் களமும் பள்ளமாகும். சுரண்டிவிட்டுப் போடச் சொல்லி, குறைந்தது பக்க வடிகாலாவது மதிப்பீட்டில் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். ஜே.சி.பி. பெயர்த்துப் போட்ட அளவைக் கற்களைத் திரும்ப நடுவதையும் அதே கடிதத்தில் கேளுங்கள்.

நம் பக்கம் சரியாக இருக்கிறதா

மனு கொடுக்கும் முன் இதைப் பார்க்காவிட்டால் எதிர்த்தரப்பு பார்த்துவிடும்.

ரோட்டிலிருந்து வயலுக்கு இறங்க, பக்க வடிகாலில் ஆறு அங்குல பி.வி.சி. போட்டு மண் தள்ளி மூடுவது இன்று பெரும்பாலோர் செய்வது. ஊரில் வெள்ளம் வடியாததற்கு ரியல் எஸ்டேட்காரர்களைச் சொல்கிறோம். அவர்கள் வாய்க்காலையே மனையாக்குகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஒரு கிலோமீட்டருக்குள் இருபது வயல் இறக்கம் இருந்தால், அந்த இருபதும் சேர்ந்து ஒரு தடுப்பணை. இறக்கத்துக்கும் வடிகாலின் முழு அகலத்துக்கு ஏற்ற குழாயோ ஸ்லாபோ போட வேண்டும்.

வரப்பு வெட்டும்போது ஆண்டுக்கு ஒரு மண்வெட்டி அகலம் பாதையைத் தின்பது, வாய்க்கால் கரையில் வாழையும் தென்னையும் வைப்பது, இரண்டும் ஆக்கிரமிப்புதான். கேஜ் வீல் மாட்டிய டிராக்டரைத் தார்ச்சாலையில் ஓட்டினால் ரோடு கீறி, மழைநீர் இறங்கிக் குழியாகும்; வழக்கும் வரும். டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போங்கள், அல்லது ரோட்டுமுனையில் மாட்டிக்கொள்ளுங்கள். சாலையில் நெல்லும் உளுந்தும் காயப்போட்டுக் கல் அடுக்கினால், அதில் இரவில் பைக் விழுந்தால், பொதுவழியில் இடையூறு செய்த குற்றம் உங்கள் மேல். ஊரில் களம் புறம்போக்கு இருக்கிறதா, அது எங்கே போயிற்று என்று ஏ-பதிவேட்டில் தேடுங்கள். பல ஊர்களில் அது கிடைக்கும்.

மருந்து டேங்கையும் விசைத்தெளிப்பானையும் வாய்க்காலில் கழுவாதீர்கள். கழுவிய நீரைத் தெளித்த வயலிலேயே விட்டுவிட்டால் போதும். கழிவுநீர் லாரி இரவில் வடிவாய்க்காலில் கொட்டினால் வண்டி எண், நேரம், படத்தோடு ஊராட்சிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் புகார் கொடுங்கள். எண் இல்லாத புகார் நகராது.

பாதை கிடைத்த பிறகு

அகற்றிய இடத்தை அன்றே பயன்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டும். கல் நட்டு, இருபுறமும் வரப்புப் போட்டு, டிராக்டரை இரண்டு முறை ஓட்டித் தடம் பதியுங்கள். அளவைக் குறிப்பு, அகற்றிய உத்தரவு, படங்கள் ஆகியவற்றில் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்; ஒருவர் வீட்டில் மட்டும் இருந்தால் அவர் நிலத்தை விற்ற அன்று போய்விடும். ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டில் பாதையை நீள அகலத்தோடு ஏற்றக் கோரி மனு கொடுங்கள். அது பதிவேட்டில் இருந்தால்தான் அடுத்த நிதியாண்டில் மண்ணோ கிராவலோ போடக் கேட்க முடியும்.

வாய்க்கால் என்றால் தூர்மண்ணை வாரிக் கரையின் விளிம்பிலேயே போடாதீர்கள். முதல் மழையில் திரும்ப உள்ளே இறங்கிவிடும். கரை உச்சியிலிருந்து குறைந்தது இரண்டடி தள்ளிப் போட வேண்டும். ஏரி வண்டல் என்றால் உரிய அனுமதி பெற்று வயலுக்கு எடுத்துக்கொள்ளலாம்: நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய் ஏக்கருக்கு 90 கன மீட்டர் வரை. நடை கணக்கில் டிப்பர் ஓடும்போது கரைப்பாதை நொறுங்காமல் இருக்க, கரைமேல் ஏற்றாமல் நீர்ப்பரப்புக்குள்ளேயே தனித் தடம் போட்டு ஒரே இடத்தில் மட்டும் வண்டியை ஏற்றுங்கள். வேலை முடிந்ததும் அந்த இடத்தை மண் போட்டு இடித்து, கரையின் பழைய உயரத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். ஏரி நிரம்பும்போது முதலில் உடைவது அப்படித் தாழ்ந்து போன இடம்தான்.